மோனாடுக்குப் பிறகு என்ன நடந்தது? எஃபெக்ட் ஹேண்ட்லர்கள் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இது: “ஹாஸ்கெல் கொஞ்சம் படித்தேன். மோனாட் ஓரளவு புரிந்ததும் நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு ஃபங்ஷனல் புரோகிராமிங் ஆராய்ச்சியில் உருப்படியாக ஏதாவது நடந்திருக்கிறதா? அல்லது எல்லாம் ஆய்வுக் கட்டுரைகளோடு நின்றுவிட்டதா? தினமும் கோடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது?”

நிறையவே நடந்திருக்கிறது. டிபென்டன்ட் டைப், லீனியர் டைப் என்று ஒவ்வொன்றைப் பற்றியும் தனியாக எழுதலாம். நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: அல்ஜிப்ராயிக் எஃபெக்ட்டுகளும் அவற்றின் ஹேண்ட்லர்களும். எஃபெக்ட் என்பது விடை தருவதைத் தாண்டி ஒரு ஃபங்ஷன் செய்யும் வேலை: அச்சிடுவது, பிழை எறிவது போன்றவை. அந்த வேலைக்கு என்ன பொருள் என்று வெளியிலிருந்து முடிவுசெய்யும் பகுதி ஹேண்ட்லர். நீங்கள் விட்ட இடத்திலிருந்து நேராகத் தொடர்வது இதுதான். கணிதத்தில் பிறந்த கருத்து ஒன்று, தொழிற்சாலைத் தரத்தில் ஓடும் கம்பைலருக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை முழுமையாகக் காட்டும் கதையும் இதுவே. அந்தப் பயணத்தின் முக்கியமான ஒரு பகுதி சென்னையில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது.

முதலில், மோனாட், அதாவது கணிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து இணைக்கும் அமைப்பு, ஏன் வந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். ஹாஸ்கெல் ஒரு சோம்பேறி மொழி. ஒரு மதிப்பு தேவைப்படும்வரை அதைக் கணக்கிடாது. அதனால் எந்த வரி எப்போது ஓடும் என்பதை எழுதுகிறவரால் எளிதில் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட மொழியில் திரையில் அச்சிடுவது, கோப்பைப் படிப்பது போன்ற வேலைகளை ஃபங்ஷனுக்குள் கண்ட இடத்தில் போட்டால் வரிசை குலைந்துவிடும். ஆகவே தூய்மை, அதாவது ஃபங்ஷன் விடை தருவதைத் தவிர வேறெதையும் செய்யாதிருப்பது, அங்கே ஒரு கொள்கையாக மட்டும் இல்லை, கட்டாயமாகவே இருந்தது. 1990-இல் வந்த முதல் ஹாஸ்கெல் அறிக்கையில் உள்ளீடு, வெளியீட்டுக்கு ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. நிரல் முழுவதும் ஒரே ஃபங்ஷன். வெளியுலகம் தரும் பதில்களின் பட்டியலை அது வாங்கிக்கொள்ளும். தன் வேண்டுகோள்களின் பட்டியலைத் திருப்பித் தரும். இரண்டு பட்டியல்களையும் ஒன்றுக்கொன்று பிசகாமல் கையால் பொருத்த வேண்டியிருந்ததால் எழுதுவது பெரும்பாடு. ஆனால் அதன் அடியில் இருந்த எண்ணத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: நிரல் கேட்கிறது, வெளியே இருக்கும் யாரோ பதில் சொல்கிறார்கள். எஃபெக்ட் ஹேண்ட்லரின் சாரமும் அதுவேதான்.

இதற்கிடையில் 1989-இல் எடின்பரோவில் இருந்த யூஜெனியோ மோஜ்ஜி, பிழை, நிலைமாற்றம், பல விடைகள் கொண்ட கணிப்பு ஆகிய எல்லாவற்றையும் மோனாட் என்ற ஒரே கணித அமைப்பால் விளக்கலாம் என்று காட்டினார். அவருடைய அக்கறை மொழிகளின் பொருளை வரையறுப்பதில் இருந்தது. அதை நிரல் எழுதும் உத்தியாக மாற்றியவர் ஃபிலிப் வாட்லர். 1993-இல் சைமன் பெய்ட்டன் ஜோன்ஸும் அவரும் சேர்ந்து உள்ளீடு, வெளியீட்டை மோனாடுக்குள் கொண்டுவந்தார்கள். 1996-இல் வந்த ஹாஸ்கெல் 1.3 பழைய பட்டியல் முறையைக் கைவிட்டு இதையே ஏற்றது. அங்கிருந்து இந்த எண்ணம் வேறு மொழிகளுக்கும் கசிந்தது. சி ஷார்ப் மொழியில் தரவைக் கேட்டெடுக்கும் வசதியான லிங்க் (LINQ), எஃப் ஷார்ப் மொழியின் கம்ப்யூட்டேஷன் எக்ஸ்பிரஷன் இரண்டிலும் அதன் தடம் தெளிவாகத் தெரியும்.

நீங்கள் நிறுத்திய இடம் இது. சிக்கல் இதற்கு அடுத்த அடியில் தொடங்குகிறது.

இரண்டு மோனாடுகளைச் சேர்த்தால் மூன்றாவது மோனாட் தானாகக் கிடைக்காது. நிலைமாற்றமும் வேண்டும், பிழையும் வேண்டும் என்றால் இரண்டையும் சேர்க்கும் வழியை யாராவது கையால் எழுத வேண்டும். 1995-இல் லியாங், ஹுடாக், ஜோன்ஸ் மூவரும் மோனாட் டிரான்ஸ்ஃபார்மர் என்ற அடுக்கு முறையைச் செம்மைப்படுத்தினார்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டே போகலாம். ஆனால் போர்த்தும் வரிசை பொருளை மாற்றிவிடும். ஒரு வரிசையில் பிழை வந்தால் அதுவரை செய்த நிலைமாற்றங்கள் நிற்கும். மற்ற வரிசையில் அவை காணாமல் போகும். அடுக்கு உயர உயர, அடியில் இருக்கும் செயலை மேலே தூக்கிக்கொண்டு வருவதற்கென்றே தனி வரிகள் எழுத வேண்டும். பெரிய ஹாஸ்கெல் நிரல்களில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் களைப்பு நன்றாகத் தெரியும்.

இந்த இடத்தில்தான் கணினியியல் கோட்பாட்டாளர்களான கோர்டன் பிளாட்கினும் ஜான் பவரும் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். 2002, 2003 ஆண்டுகளில் வந்த அவர்களுடைய கட்டுரைகள் கேட்டது இதை: மோனாட் எங்கிருந்து வருகிறது? அதை முதற்பொருளாக எடுத்துக்கொள்ளாமல், செயல்களையும் அவற்றுக்கிடையே உள்ள சமன்பாடுகளையும் முதற்பொருளாக வைத்தால் என்ன? ஒரே ஒரு நினைவுப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டே செயல்கள்: எழுது, படி. எழுதியவுடன் படித்தால் எழுதியதே வரும். அடுத்தடுத்து இருமுறை எழுதினால் பிந்தியதே நிற்கும். அடுத்தடுத்து இருமுறை படித்தால் ஒரே மதிப்பு வரும். படித்ததையே திரும்ப எழுதினால் எதுவும் மாறாது. இந்த நான்கு விதிகளை மட்டும் எழுதிவைத்தால், நிலைமாற்றத்துக்கென ஹாஸ்கெல்காரர்கள் பழகிய ஸ்டேட் மோனாட் அவற்றிலிருந்து தானாக விளைகிறது. பள்ளியில் கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் விதி எழுதுகிறோமே, அதே அல்ஜிப்ரா. பெயரில் அல்ஜிப்ராயிக் என்று இருப்பதற்குக் காரணம் இதுவே. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த திருப்பம் இது. சேர்க்க முடியாத இரண்டு பொருள்களோடு மல்லுக்கட்டாமல், எளிதில் சேர்க்கக்கூடிய இரண்டு விதிப் பட்டியல்களுக்கு இறங்கிவிட்டார்கள்.

ஆனால் ஒன்று மட்டும் பொருந்த மறுத்தது. பிழையை எறிவது இந்தச் சட்டகத்துக்குள் வந்தது. எறிந்த பிழையைப் பிடிப்பது வரவில்லை. அல்ஜிப்ராயிக் செயலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தச் செயலுக்குப் பின்னால் வரும் வேலையை அதன் ஒவ்வொரு கிளைக்குள்ளும் தள்ளி எழுதினாலும் நிரலின் பொருள் மாறக்கூடாது. ட்ரை தொகுதிக்குள் எறியப்படும் பிழையைப் பிடிக்கும் ட்ரை, கேட்ச் இதை மீறுகிறது. ட்ரை தொகுதிக்கு வெளியே இருக்கும் வரியை உள்ளே தள்ளினால், அந்த வரி எறியும் பிழையும் பிடிபட்டுவிடும், பொருள் மாறிப்போகிறது. அப்படியானால் பிடிப்பது என்பது என்ன? 2009-இல் பிளாட்கினும், அப்போது எடின்பரோவில் அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த மத்தியா ப்ரெட்னாரும் விடை சொன்னார்கள். பிடிப்பது ஒரு செயலே இல்லை. செயல்களுக்குப் பொருள் கொடுக்கும் வேலை அது. எறிதல் என்ற செயலுக்கு ட்ரை, கேட்ச் ஒரு பொருளைத் தருகிறது. எறிதலுக்கு மட்டும் ஏன் தர வேண்டும், எந்தச் செயலுக்கும் தரலாமே! அப்படிப் பிறந்ததுதான் ஹேண்ட்லர்.

இது ஓடும்போது எப்படி இருக்கும் என்று பார்ப்போம். சாதாரண எக்செப்ஷன் எறியப்பட்டதும் கட்டுப்பாடு மேலே உள்ள கேட்ச்சுக்குப் போகிறது. நடுவில் இருந்த ஸ்டாக் (தொடங்கி இன்னும் முடியாத ஃபங்ஷன் அழைப்புகளின் அடுக்கு) முழுவதும் தூக்கி எறியப்படுகிறது. விட்ட இடத்துக்குத் திரும்ப வழியே இல்லை. எஃபெக்ட் ஹேண்ட்லரில் நடுவில் இருந்த ஸ்டாக் அழிவதில்லை. “இந்த இடத்திலிருந்து மிச்சமிருக்கும் வேலை” என்று அது ஒரு மதிப்பாகக் கட்டப்பட்டு ஹேண்ட்லரின் கையில் கொடுக்கப்படுகிறது. அதன் பெயர் கன்டினியுவேஷன். அரசு அலுவலகத்தில் கீழே இருப்பவர் ஒரு குறிப்பெழுதிக் கோப்பை மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைப் போன்றது இது. அதிகாரி பதில் எழுதித் திருப்பி அனுப்பலாம், உடனே விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். கோப்பையே மூடிவிடலாம். மேசையில் வைத்திருந்து நாளைக்கு அனுப்பலாம். கீழே இருப்பவருக்குத் தன் கேள்விக்கு யார் எந்த அடிப்படையில் பதில் சொன்னார் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை.

திருப்பி அனுப்பினால் அது சாதாரண ஃபங்ஷன் அழைப்பு. மூடிவிட்டால் எக்செப்ஷன். வைத்திருந்து பிறகு தொடர்ந்தால் அசிங்க் அவெய்ட் (பதில் வரும்வரை மற்ற வேலைக்கு வழிவிட்டுக் காத்திருப்பது), ஜெனரேட்டர் (மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தருவது), இலகு த்ரெட் ஆகிய எல்லாமே. ஒரே கன்டினியுவேஷனை இரண்டு முறை தொடர்ந்தால் பின்வாங்கித் தேடும் அல்காரிதம். மொழிகள் இத்தனை ஆண்டுகளாக ஒவ்வொன்றாகக் கம்பைலருக்குள் சேர்த்துவந்த வசதிகள் பலவற்றை இந்த ஒரே கருவியால் லைப்ரரியாகவே எழுதிவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. நாணயத்தை இருமுறை சுண்டி, இரண்டிலும் பூ விழுந்ததா என்று சொல்லும் ஒரு ஃபங்ஷன் எழுதுகிறோம். அதில் ‘சுண்டு’ என்பது ஓர் எஃபெக்ட். எப்படிச் சுண்டுவது என்பது அந்த ஃபங்ஷனில் எழுதப்படவே இல்லை. முதல் ஹேண்ட்லர் தற்செயல் எண் ஒன்றை எடுத்துப் பூ அல்லது தலை என்று பதில் தருகிறது. நிரல் ஒருமுறை ஓடி ஆம் அல்லது இல்லை என்கிறது. இரண்டாவது ஹேண்ட்லர் ஒவ்வொரு சுண்டலிலும் கன்டினியுவேஷனை இருமுறை தொடர்கிறது, ஒருமுறை பூ என்றும் ஒருமுறை தலை என்றும். நான்கு விடைகள் கொண்ட பட்டியல் வருகிறது: ஓர் ஆம், மூன்று இல்லை. மூன்றாவது ஹேண்ட்லர் அதே இரு கிளைகளுக்கும் பாதிப் பாதி எடை தந்து கூட்டுகிறது. விடை கால் என்று வருகிறது, அதாவது நிகழ்தகவு. மூன்று சமயங்களிலும் அந்த ஃபங்ஷனில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. நிகழ்தகவு நிரலாக்கத்துக்காக ஊபரில் தொடங்கப்பட்ட பைரோ லைப்ரரியின் உள்கட்டமைப்பு இந்த எஃபெக்ட் ஹேண்ட்லர் எண்ணத்தைப் பின்பற்றியே அமைந்தது. உங்கள் அன்றாட வேலைக்கு நெருக்கமாகச் சொன்னால், ‘இந்த எண்ணுக்குரிய வாடிக்கையாளரைக் கொடு’ என்பதை எஃபெக்ட்டாக எழுதிவிட்டு, நேரலையில் டேட்டாபேஸ் ஹேண்ட்லரையும் டெஸ்ட்டில் கையால் எழுதிய பதில்களைத் தரும் ஹேண்ட்லரையும் மாட்டலாம். டெஸ்ட்டுக்குப் போலியை வைக்க, அதாவது மாக் செய்ய, வேறு எந்தச் சட்டகமும் வேண்டாம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மிச்சமிருக்கும் வேலையை மதிப்பாகப் பிடிப்பது புதிதா? இல்லை. ஃபெலைசன் 1988-லும், டான்வி, ஃபிலின்ஸ்கி இருவரும் 1990-லும் எல்லை வகுத்த கன்டினியுவேஷன்களைத் தெளிவாக வரையறுத்துவிட்டார்கள். அவற்றைக் கொண்டு எதையும் செய்யலாம். படிக்கிறவருக்கு என்ன நடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். ஹேண்ட்லர் சேர்த்தது ஒழுங்கை. ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்கு ஒரு டைப் இருக்கிறது, அதற்குப் பொருள் தரும் இடமும் வெளிப்படையாகத் தெரிகிறது.

கோட்பாடு வந்த பிறகு மொழிகள் வரிசையாக வந்தன. ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் அந்த்ரெய் பாவுவரும் ப்ரெட்னாரும் எஃப் (Eff) என்ற மொழியைக் கட்டினார்கள். மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் டான் லெய்ன் கோகாவை உருவாக்கினார். கோகா செய்த பெரிய காரியம், எஃபெக்ட்டுகளை டைப்பிலேயே எழுதியது. ஒரு ஃபங்ஷனின் டைப்பைப் பார்த்தாலே அது பிழை எறியுமா, திரையில் எழுதுமா, முடிவில்லாமல் ஓடக்கூடுமா என்று தெரிந்துவிடும். எதுவுமே செய்யாத ஃபங்ஷனுக்கு டோட்டல் என்று பெயர். இதைப் பெரும்பாலும் கம்பைலரே கண்டுபிடித்துக்கொள்கிறது. எழுதுகிறவருக்குச் சுமை குறைவு.

இதன் அருமை ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு உடனே புரியும். ஒரு ஃபங்ஷனை அசிங்க் ஆக்கினால், அதை அழைப்பதும் அசிங்க் ஆக வேண்டும், அதை அழைப்பதும் அப்படியே. ஃபங்ஷன்கள் இரண்டு நிறங்களாகப் பிரிந்துவிடுகின்றன. பட்டியலின் ஒவ்வோர் உறுப்பின் மீதும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் மேப்புக்கு ஒரு சாதாரண ஃபங்ஷனைக் கொடுத்தால் எதிர்பார்த்தது வருகிறது. அசிங்க் ஃபங்ஷனைக் கொடுத்தால் ப்ராமிஸ்களின், அதாவது இனிமேல் வரப்போகும் விடைகளுக்கான சீட்டுகளின், பட்டியல் வந்து நிற்கிறது. கோகாவில் மேப் ஒன்றே ஒன்றுதான். ‘எனக்குக் கொடுக்கப்படும் ஃபங்ஷனுக்கு என்ன எஃபெக்ட்டுகளோ அவையே எனக்கும்’ என்று அதன் டைப் சொல்கிறது. ஃபங்ஷன் பிழை எறிந்தால் மேப்பும் எறியும், அசிங்க் என்றால் மேப்பும் அசிங்க், ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை. நிறப் பிரிவினை டைப் மாறிக்குள் கரைந்துபோகிறது. மோனாட் இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை. ஹாஸ்கெலிலும் சாதாரண ஃபங்ஷனுக்கான மேப்பும் மோனாடுக்கான மேப் எம்மும் தனித்தனி.

இவை அழகான ஆய்வு மொழிகள். ஆனால் லட்சக்கணக்கான வரிகள் ஏற்கெனவே எழுதப்பட்ட, நிதி நிறுவனங்கள் நம்பி ஓட்டும் ஒரு மொழிக்குள் இதைப் புகுத்த முடியுமா? ஓகாமல் கதை அதுதான்.

ஓகாமலின் பழைய ரன்டைமில் (நிரல் ஓடும்போது அடியில் இயங்கும் அமைப்பு) ஒரு பெரிய பூட்டு இருந்தது. எத்தனை த்ரெட் போட்டாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓகாமல் கோடை ஓட்டும். பல கோர்கள் உள்ள கணினிகள் வந்த பிறகும் இந்த நிலை நீடித்தது. கேம்பிரிட்ஜில் தொடங்கிய மல்டிகோர் ஓகாமல் திட்டம் இதை மாற்றக் கிளம்பியது. ஸ்டீஃபன் டோலன், லியோ வைட், அனில் மாதவபெட்டி ஆகியோருடன் அதில் முன்னின்றவர் கே.சி. சிவராமகிருஷ்ணன். கேம்பிரிட்ஜிலிருந்து அவர் சென்னை ஐஐடிக்குப் பேராசிரியராக வந்த பிறகு வேலை இங்கிருந்தும் தொடர்ந்தது. பல கோர்களில் இணையாக ஓடுவதும், ஒரே கோரில் பல வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டுவதும் வேறு வேறு பிரச்சினைகள். முதலாவதற்கு டொமைன் என்ற அமைப்பு. இரண்டாவதற்கு என்ன? எந்த வேலை எப்போது ஓடும் என்று முடிவுசெய்யும் ஒரு குறிப்பிட்ட ஷெட்யூலரை மொழிக்குள் பதித்துவிட்டால் எல்லோரும் அதையே கட்டிக்கொண்டு அழ வேண்டும். எஃபெக்ட் ஹேண்ட்லரைக் கொடுத்துவிட்டால் ஷெட்யூலரை லைப்ரரியாக யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அந்த முடிவை எடுத்தார்கள்.

நிபந்தனைகள் கடுமையானவை. பழைய கோடு உடையக்கூடாது. எஃபெக்ட்டைத் தொடாத கோடு மெதுவாகக்கூடாது. டிபக்கரும் புரொஃபைலரும் முன்போலவே ஸ்டாக்கைப் படிக்க வேண்டும். சி மொழியில் எழுதிய இணைப்புகள் அப்படியே ஓட வேண்டும். அவர்கள் கண்ட வழி இது: ஒவ்வொரு ஹேண்ட்லருக்குள்ளும் ஓடும் கோடுக்கு ஃபைபர் என்ற தனிச் சிறு ஸ்டாக்கை ஹீப்பில், அதாவது பொது நினைவகப் பகுதியில், ஒதுக்குவது. தேவைக்கேற்ப அது வளரும். ஃபைபர்கள் ஒன்றோடொன்று சங்கிலியாகப் பிணைந்திருக்கும். எஃபெக்ட் எழும்போது எதையும் நகலெடுக்க வேண்டியதில்லை. சங்கிலியை அந்த இடத்தில் கழற்றிக் கொடுத்தால் அதுவே கன்டினியுவேஷன். 2021-இல் நிரல்மொழி ஆய்வுக்கான பிஎல்டிஐ மாநாட்டில் வந்த அவர்களுடைய கட்டுரையின்படி, எஃபெக்ட்டே பயன்படுத்தாத நிரல்களின் பெரிய அளவீட்டுத் தொகுப்பில் சராசரி வேகக் குறைவு 1 சதவீதம்தான். அந்த எண்ணைச் சாதாரணமாகத் தாண்டிப் போகாதீர்கள். அது பெரிதாக இருந்திருந்தால் ஓகாமல் பயனர்கள் இதை ஏற்றிருக்க வாய்ப்பே இல்லை.

ஒரு விலை கொடுத்தார்கள். ஓகாமலில் கன்டினியுவேஷனை ஒருமுறைதான் தொடரலாம். இரண்டாம் முறை தொடர்ந்தால் பிழை எழும். இருமுறை தொடர அனுமதித்தால் ஸ்டாக்கை நகலெடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், கோப்பைத் திறந்து மூடும் சாதாரணக் கோடு இருமுறை ஓடிக் கோப்பை இருமுறை மூடப் பார்க்கும். ஆகவே நான் மேலே சொன்ன நாணய எடுத்துக்காட்டின் இரண்டாம், மூன்றாம் ஹேண்ட்லர்களை ஓகாமலில் எழுத முடியாது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஷெட்யூலருக்கும் ஜெனரேட்டருக்கும் ஒருமுறை போதும்; இத்தனை ஆண்டுகள் எழுதப்பட்ட கோடு பத்திரமாக இருப்பது அதைவிடப் பெரிது.

குப்பை சேகரிப்பிலும், அதாவது இனித் தேவையில்லாத நினைவகத்தை மீட்பதிலும், இதே மனப்பாங்குதான். அண்மையில் உருவான இளம் பொருள்களைச் சேகரிக்க இரண்டு வடிவங்களை முழுமையாகக் கட்டி அளந்தார்கள். ஒன்று நுட்பமானது, ஒரு கோரில் சேகரிப்பு நடக்கும்போது மற்றவை நிற்கத் தேவையில்லை. ஆனால் அது சி இணைப்புகளை உடைத்தது. மற்றது எளியது, எல்லாக் கோர்களும் ஒரு கணம் நின்று சேர்ந்து சேகரிக்கும். அளந்து பார்த்தபோது எளியது நன்றாகவே ஓடியது, பழைய கோடையும் காப்பாற்றியது. அதையே தேர்ந்தெடுத்தார்கள். 2022 டிசம்பரில் ஓகாமல் 5.0 வெளியானது. ஹேண்ட்லர் எழுதுவதற்கான தனித் தொடரமைப்பு 2025 ஜனவரியில் வந்த 5.3 பதிப்பில் சேர்ந்தது. அதற்கு முன் லைப்ரரி ஃபங்ஷன் வழியாகத்தான் எழுத வேண்டியிருந்தது.

மற்ற இடங்களிலும் அலை தெரிகிறது. 2023-இல் வந்த, ஹாஸ்கெலின் கம்பைலரான ஜிஹெச்சி 9.6, எல்லை வகுத்த கன்டினியுவேஷன்களை ரன்டைமிலேயே தந்தது. ஹாஸ்கெலின் எஃபெக்ட் லைப்ரரிகளுக்கு அது உறுதியான அடித்தளம். அதே ஆண்டு, உலாவிகளில் ஓடும் கீழ்நிலை மொழியான வெப்அசெம்ப்ளியில் எஃபெக்ட் ஹேண்ட்லர்களைச் சேர்ப்பதற்கான விரிவான வடிவமைப்பு ஒன்று ஆய்வுக் கட்டுரையாக வந்தது. ஜாவா 21-இன் வர்ச்சுவல் த்ரெட்டுகளுக்கு அடியிலும் இதே வகைக் கன்டினியுவேஷன்தான் இருக்கிறது, பயனர் கையில் நேரடியாகக் கொடுக்கப்படவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

இது வெறும் எழுதும் வசதியா, இதனால் வேறெதுவும் மாறுகிறதா என்று நீங்கள் கேட்கலாம். 2020-இல் டேனியல் ஹில்லர்ஸ்ட்ரோம், சாம் லின்ட்லி, ஜான் லாங்லி மூவரும் நிரூபித்த ஒரு முடிவு எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. 20 பிட்டுகளைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் ஆம் அல்லது இல்லை என்று சொல்லும் ஒரு ஃபங்ஷன் உங்களிடம் இருக்கிறது. அதன் உள்ளே பார்க்க முடியாது. 10,48,576 சேர்க்கைகளில் எத்தனைக்கு ஆம் என்று எண்ண வேண்டும். எஃபெக்ட் ஏதும் இல்லாத தூய மொழியில் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஃபங்ஷனைத் தொடக்கத்திலிருந்து ஓட்ட வேண்டும்; ஒவ்வொரு ஓட்டத்திலும் 20 கேள்விகள். ஹேண்ட்லர் இருந்தால் ஒவ்வொரு கேள்வியிலும் கன்டினியுவேஷனைப் பிடித்து இருமுறை தொடர்ந்தால் போதும். முதல் 19 விடைகள் பொதுவாக உள்ள இரண்டு ஓட்டங்கள் அந்த 19 கேள்விகளையும் பகிர்ந்துகொள்கின்றன. பிட்டுகள் கூடக்கூட இந்த இடைவெளியும் பெருகிக்கொண்டே போகும். தூய மொழியில் எவ்வளவு சாமர்த்தியமாக எழுதினாலும் அதை மூட முடியாது. அவர்கள் நிரூபித்தது இதைத்தான். ஒரு மொழி வசதி எழுதுவதை எளிதாக்குகிறது என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். இருந்தால் வேகம், இல்லையென்றால் வேகமே கிடையாது என்று கணிதமாகக் காட்டப்படுவது அரிது.

கோகாவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. தூய நிரல்கள் எதையும் மாற்றாமல் ஒவ்வொரு முறையும் புதுப் பிரதி எடுப்பதால் நினைவகத்தை வீணாக்கும் என்பது பழைய புகார். 2021-இல் வந்த பெர்சியஸ் என்ற முறை இதற்கு நல்ல பதில். ஒரு பொருளை எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே போகும். ஒருவர் மட்டும் என்றால், புதுப் பொருளை அந்தப் பழைய இடத்திலேயே எழுதிவிடும். கோடு தூயது, ஓட்டம் இடத்திலேயே மாற்றுவது. லீன் 4 நிரூபண மொழியின் ரன்டைமும் இந்த வழியில்தான் நடக்கிறது.

தீராத சிக்கல்கள் உண்டு. ஓகாமலில் எஃபெக்ட்டுகள் டைப்பில் வருவதில்லை. எழுந்த எஃபெக்ட்டுக்கு மேலே ஹேண்ட்லர் இல்லையென்றால் கம்பைலர் சொல்லாது. ஓடும்போதுதான் எக்செப்ஷனாகத் தெரியும். டைப் பிழைகளைக் கம்பைலரே பிடிக்கும் என்ற நம்பிக்கைக்காக அந்த மொழிக்கு வந்தவர்களுக்கு இது உறுத்தல்தான். பழைய லைப்ரரிகளின் டைப்புகளை எல்லாம் மாற்றாமல் இதைச் சேர்ப்பது எப்படி என்பதே கேள்வி. ஓகாமலைப் பெரிதும் பயன்படுத்தும் நிதி நிறுவனமான ஜேன் ஸ்ட்ரீட்டினர் மோட் என்ற வழியில் ஓகாமலின் டைப் அமைப்பை விரிவாக்கி வருகிறார்கள். மதிப்பு எங்கே வாழலாம், எத்தனை பேர் பகிரலாம் என்பதைக் குறிக்கும் முறை அது. 2024-இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. எஃபெக்ட்டுகளைக் கண்காணிக்கவும் அந்தப் பாதை உதவும் என்று நம்புகிறேன்.

இன்னொரு சிக்கல் நுட்பமானது. நீங்கள் ஒரு லைப்ரரிக்கு ஒரு ஃபங்ஷனைக் கொடுக்கிறீர்கள். அது எழுப்பும் எஃபெக்ட் உங்கள் ஹேண்ட்லருக்கு வர வேண்டியது. லைப்ரரி தன் உள்வேலைக்காக அதே பெயரில் ஒரு ஹேண்ட்லர் வைத்திருந்தால், நடுவில் அது மறித்துவிடும். எக்செப்ஷனில் நாம் எல்லோரும் பட்ட பாடு இது. எதையும் விழுங்கும் கேட்ச் ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கும். 2019-இல் ஜாங், மையர்ஸ் இருவரும் எஃபெக்ட்டுகள் தமக்குத் தொடர்பில்லாத ஹேண்ட்லர்களைச் சுரங்கம் போலக் கடந்து செல்லும் டைப் அமைப்பைத் தந்தார்கள். ஜெர்மனியின் ட்யூபிங்கனில் உருவாகும் எஃபெக்ட் (Effekt) என்ற மொழி வேறொரு வழியில் இதை அணுகுகிறது. எது நிலைக்கும் என்பது இன்னும் முடிவாகவில்லை.

இனி, உங்களுக்கு என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். கருத்தைத் தெளிவாகப் பிடிக்க வேண்டுமானால் கோகாவை இறக்கி, அந்த நாணய நிரலை மூன்று ஹேண்ட்லர்களோடும் எழுதிப் பாருங்கள். அங்கே பலமுறை தொடர்வது அனுமதிக்கப்பட்டது, டைப்பும் உங்களோடு பேசும். வேலைக்கு ஆகும் கருவி வேண்டுமானால் ஓகாமல் 5.3 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு. முதல் பயிற்சியாக, மரம் ஒன்றைச் சுற்றிவரும் சாதாரண ரிகர்ஸிவ் ஃபங்ஷனை ‘யீல்ட்’ (ஒரு மதிப்பை வெளியே தருவது) என்ற ஒரே எஃபெக்ட்டால் ஜெனரேட்டராக மாற்றுங்கள். அடுத்து இரண்டு வேலைகளை மாறி மாறி ஓட்டும் ஒரு ஷெட்யூலர். அதன் பிறகு, இதே கருவியின் மேல் கட்டப்பட்ட ஈயோ லைப்ரரியின் கோடைத் திறந்து படித்தால், கால்பேக்கும் ப்ராமிஸும் இல்லாமல் நேர்க்கோட்டில் எழுதிய நெட்வொர்க் கோடு எப்படி ஓடுகிறது என்பது புரியும்.

அப்படியானால் மோனாட் படித்தது வீணா என்று கேட்டால், இல்லை. மேலே சொன்ன கன்டினியுவேஷன், மோனாடில் அடுத்த படியை இணைக்கும் பைண்டுக்கு நீங்கள் இரண்டாவதாகக் கொடுத்துவந்த அதே ஃபங்ஷன்தான். மோனாடில் அதை ஒவ்வொரு அடியிலும் நீங்களே கையால் கட்டிக் கொடுத்தீர்கள். இங்கே ரன்டைம் கட்டிக் கொடுக்கிறது. பைண்டைப் புரிந்துகொண்டவருக்கு ஹேண்ட்லர் புரிய அதிக நேரம் ஆகாது.